சுகாதார நிலையத்திலிருந்து எம்.டி. வரை: 'சர்வீஸ்' ஒதுக்கீட்டின் கதை

தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தவர் சிறப்பு மருத்துவராவதற்கு வெகுகாலமாக இரண்டு வழிகள் இருந்து வந்தன. வேலைக்குப் போகாமல் படித்து, நுழைவுத்தேர்வு எழுதி, பொது இடங்களுக்குப் போட்டியிடுவது ஒன்று. அரசுப் பணியில் சேர்ந்து, தர்மபுரி மாவட்டத்துத் தீர்த்தமலை போன்ற ஊர்களில் சில ஆண்டுகள் வேலை பார்த்து, 'சர்வீஸ் கேண்டிடேட்' ஆக விண்ணப்பிப்பது மற்றொன்று. அரூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில், தீர்த்தகிரீசுவரர் கோயில் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது தீர்த்தமலை. இந்தப் பக்கத்தில் பிரசவம், பாம்புக்கடி, காய்ச்சல் என்று எதுவானாலும் மக்கள் முதலில் தேடிப் போவது அரசு மருத்துவரைத்தான். சிறப்பு மருத்துவர் வேண்டுமென்றால் அரூர், தர்மபுரி, சேலம் என்று பஸ் ஏற வேண்டும். அத்தகைய ஊருக்கு மருத்துவரை வரவழைக்க அரசு காட்டிய ஆசை மேற்படிப்பு இடம்.

மருத்துவக் கல்வி சென்னையில் பழையது. 1835இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி 1850இல் கல்லூரியானது. மருத்துவர்களைப் பதிவு செய்யும் சென்னை மாகாணச் சட்டம் 1914இல் வந்தது. சிறப்புத் தகுதி மட்டும் வெகுநாள் பெரும்பாலும் லண்டன், எடின்பரோ பக்கமே இருந்தது. பெயருக்குப் பின்னால் எஃப்.ஆர்.சி.எஸ்., எம்.ஆர்.சி.பி. என்று போட்டுக்கொள்ளக் கப்பலேற வேண்டியிருந்தது. அமெரிக்காவில் கண் மருத்துவர்கள் 1910-களிலேயே தனி வாரியம் அமைத்துத் தேர்வு வைத்தார்கள். இந்தியாவில் அதற்கு இணையாகத் தேசியத் தேர்வு வாரியம் 1975இல் உருவாகி, 1982இல் தன்னாட்சி அமைப்பானது. அது வழங்கும் டி.என்.பி. பட்டம் எம்.டி., எம்.எஸ். பட்டங்களுக்கு இணை. ஆனால் தமிழ்நாட்டு அரசு மருத்துவரின் கனவு பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி இடத்தையே சுற்றி வந்தது. படிக்கும் காலத்திலும் சம்பளம் உண்டு என்பது அதற்கு முக்கியக் காரணம்.

மாநிலமே நுழைவுத்தேர்வு நடத்திய காலத்தில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போனதுபோக மிஞ்சிய இடங்களில் பாதி சர்வீஸ் மருத்துவர்களுக்கு, பாதி மற்றவர்களுக்கு. அந்த மற்றப் பாதியிலும் தாங்கள் போட்டியிடலாமா என்று சர்வீஸ் மருத்துவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். இரண்டும் தனித்தனிப் பிரிவுகள், ஒன்றில் இருப்பவர் மற்றதில் நுழைய முடியாது என்று கே.துரைசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 ஜனவரியில் தீர்ப்பளித்தது. வேலியும் இருந்தது, பாதுகாப்பும் இருந்தது.

அப்போது விண்ணப்பிப்பதே ஒரு தனி வேலை. கீழ்ப்பாக்கம் தேர்வுக்குழுச் செயலாளர் பெயருக்கு டிடி எடுத்து, விவரக் கையேட்டோடு படிவம் வாங்க வேண்டும். அதைவிடக் கடினமானது பணிச் சான்றிதழ். எந்த நிலையத்தில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, இடையில் எத்தனை நாள் விடுப்பு என்று பணிப்பதிவேட்டைப் பார்த்து எழுதி, மேலதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் பெற வேண்டும். மாறுதல் உத்தரவில் தேதி முன்பின்னாக இருந்தால் அந்த ஆண்டே போய்விடும். தேர்வில் எடுத்த மதிப்பெண்ணோடு பணியாற்றிய இடத்துக்கும் மதிப்பெண் உண்டு என்பதால், அந்தத் தாளுக்குப் பாடப்புத்தகத்துக்கு நிகரான மதிப்பு இருந்தது.

2016இல் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டத்தில் 10டி என்ற பிரிவு சேர்ந்து, நாடு முழுவதற்கும் நீட் தேர்வு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், உத்தரப் பிரதேசத்துத் தினேஷ் சிங் சவுகான் வழக்கில், முதுநிலைப் பட்டப்படிப்பில் சர்வீஸ் மருத்துவர்களுக்குத் தனி ஒதுக்கீடு கிடையாது, ஊக்க மதிப்பெண் மட்டுமே உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பும் அதே வழியில் போக, தமிழ்நாட்டின் பாதி ஒதுக்கீடு பட்டப்படிப்பில் நின்றது. டிப்ளமோவில் மட்டும் தப்பியது. புதிய கணக்குப்படி தொலைதூர, கடினப் பகுதியில் பணியாற்றிய ஓராண்டுக்கு, எடுத்த மதிப்பெண்ணில் 10 சதவீதம் வரை கூடும். உச்சவரம்பு 30 சதவீதம். அப்போதைய 1200 மதிப்பெண்ணில் 400 எடுத்தவர் மூன்றாண்டுப் பணியோடு 520 ஆகலாம். இதில் ஒரு விசித்திரம் உண்டு: 600 எடுத்தவருக்கு அதே மூன்றாண்டு 180 மதிப்பெண் தரும். கடினப் பகுதியில் பட்ட பாடு ஒன்றேதான் என்றாலும், நன்றாகப் படித்தவருக்கு அதன் விலை கூடிவிட்டது.

அடுத்து எழுந்த கேள்வி, எது கடினப் பகுதி என்பது. சித்தேரி போன்ற மலைக் கிராமங்களைப் பற்றித் தகராறு எழ வாய்ப்பில்லை. மலையடிவாரத்தில் தார்ச்சாலையும் பஸ்ஸும் உள்ள ஊர் கடினமா, இல்லையா? நகரத்து அரசு மருத்துவமனையில் இரவு பகலாகப் பிரசவம் பார்ப்பவரின் பணி எதில் சேரும்? பகுதி வரையறை நீதிமன்றத்துக்கும் போனது. 2019 அக்டோபர் கடைசியில் அரசு மருத்துவர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் 50 சதவீத ஒதுக்கீட்டை மீட்பதும் ஒன்று.

தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு நிலைமையைத் திருப்பிப் போட்டது. இத்தகைய ஒதுக்கீடு செய்ய மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு, அதைத் தடுக்கும் அதிகாரம் இந்திய மருத்துவக் கவுன்சிலுக்கு இல்லை என்றது தீர்ப்பு. டி.எம்., எம்.சிஎச். என்ற உயர் சிறப்புப் படிப்புகளிலும் பாதி இடத்தைச் சர்வீஸ் மருத்துவர்களுக்குத் தர 2020 நவம்பரில் மாநில அரசு ஆணையிட்டது. அந்த ஆண்டு அது தடைபட்டது; 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது.

இன்றைய முதல் வடிகட்டி நீட்-பி.ஜி. அதை நடத்துவதும் தேசியத் தேர்வு வாரியமே. 200 கேள்விகள், 800 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு. பதிவு முழுக்க ஆன்லைனில். டிடிக்கு வேலையில்லை, பணிச் சான்றிதழ் மட்டும் கவுன்சலிங்குக்கு இன்னும் தேவை. படிப்பும் மாறிவிட்டது. ஹாரிசனின் தடித்த மருத்துவப் பாடநூலைப் பிரிப்பவர் குறைவு. மாரோ, பிரெப்லேடர் செயலிகளின் கேள்வி வங்கியும் 'கிராண்ட் டெஸ்ட்' என்ற மாதிரித் தேர்வும் போதும் என்கிறார்கள். காலை ஓ.பி., மாலையில் கூட்டமும் அறிக்கையும், நைட் டூட்டியில் நோயாளி இல்லாத நேரம் கேள்விகள் என்று சர்வீஸ் மருத்துவர் படிக்கிறார். வேலையை விட்டுப் படிப்பவருக்கு இருக்கும் நேரம் இவருக்கு இல்லை. ஒதுக்கீட்டை ஆதரிப்போர் முதலில் காட்டும் நியாயமும் அதுவே.

எம்.டி., எம்.எஸ். மூன்றாண்டுப் படிப்பு; ஆய்வேட்டை முடித்து, எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் தேற வேண்டும். தேறிய பின் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் அதைக் கூடுதல் தகுதியாகப் பதிய வேண்டும். அதற்குப் பிறகே பெயர்ப்பலகையில் புதிய எழுத்துகள் ஏறலாம்.