அரசே செய்து அரசே வாங்கிய மேசைகள்

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் எழுவதற்கு ஒரு தலைமுறை முன்பே, கிண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு அரசு அலுவலகங்களுக்கான மேசை நாற்காலிகளைச் செய்யத் தொடங்கிய நிறுவனம் டான்சி எனப்படும் தமிழ்நாடு சிறுதொழில் நிறுவனமாகும். தொழில் வணிகத் துறை ஆங்காங்கே நேரடியாக நடத்திவந்த 64 உற்பத்திக் கூடங்களைத் துறையிலிருந்து பிரித்து, கம்பெனிச் சட்டத்தின்கீழ் ஒரே நிர்வாகத்தில் கொண்டுவருவதற்காக 1965-இல் அது உருவாக்கப்பட்டது. மூலப்பொருள் வாங்குவதற்குக்கூடத் துறை ஒப்புதலுக்காகக் காத்திருந்த கூடங்கள் தம் வரவு செலவைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இதன் உட்கருத்து. ஆனால் உரிமையாளரும் அரசு, பெரும்பான்மை வாடிக்கையாளரும் அரசு என்ற அமைப்பு மாறவில்லை.

மரவேலைக் கூடங்களோடு, தகட்டை வெட்டி மடித்துப் பற்றவைத்து வண்ணம் பூசும் இரும்புச் சாமான் கூடங்களும் இயங்கின. பள்ளிகளுக்கு டெஸ்க்கும் பெஞ்சும், மருத்துவமனைகளுக்குக் கட்டில்கள், விடுதிகளுக்கு ஈரடுக்குக் கட்டில்கள், அலுவலகங்களுக்குக் கோப்பு அடுக்கும் ரேக்குகளும் பீரோக்களும் அங்கிருந்து சென்றன. டெண்டர், அதாவது போட்டி விலை கோரும் முறை, இல்லாமலேயே டான்சியிடம் வாங்கத் துறைகளுக்கு வழி செய்யப்பட்டிருந்தது. இந்தச் சலுகை தொழிலாளருக்கு வேலையை உறுதிசெய்தது. அதே வேளையில், வேறிடம் போகத் தேவையில்லாத வாடிக்கையாளரை நம்பியிருக்கும் நிறுவனம் புதிய வடிவத்தையும் புதிய இயந்திரத்தையும் தேடிப் போவதற்கான நெருக்கடியை அது குறைத்துவிட்டது என்றே கருத வேண்டும்.

காலப்போக்கில் நலிந்த கூடங்கள் பல மூடப்பட்டன. நகரம் வளர்ந்து சூழ்ந்துகொண்ட கிண்டியில், கூடத்தில் செய்த பொருளைவிடக் கூடம் நின்ற மனைக்கு மதிப்பு ஏறியது. 1992-இல் நடந்த டான்சி நில விற்பனை வழக்காகி, கீழமை நீதிமன்றத்தின் தண்டனை, உயர் நீதிமன்றத்தின் விடுதலை ஆகியவற்றைக் கடந்து, 2003-இல் உச்ச நீதிமன்றம் அவ்விடுதலையை உறுதிசெய்ததோடு முடிந்தது. ஏறத்தாழ நாற்பதாண்டுகளாகப் பீரோ செய்த நிறுவனத்தின் பெயரை நாளிதழ் வாசகர் பலர் இந்த வழக்கின் வழியாகவே அறிந்தனர் என்பது விந்தைதான்.

இதற்கிடையே அரசின் தொழிற்கொள்கை வேறு திசையில் நகர்ந்திருந்தது. 1971-இல் தோன்றிய சிப்காட் என்னும் அரசு நிறுவனம், தானே பொருள் செய்யாமல், நிலமும் சாலையும் நீரும் அளித்துத் தனியாரை வரவழைப்பதைப் பணியாகக் கொண்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது அந்த வழியில்தான். அங்கே தயாரான கார்களில் ஒரு பகுதி கப்பலேறி அயல்நாட்டுச் சந்தைகளுக்குச் சென்றபோது, டான்சியின் விற்பனை அரசுத் துறைகளின் ஆண்டு நிதி ஒதுக்கீட்டையே பெரிதும் சார்ந்திருந்தது.