இரண்டு மயில், ஒரு மான்: அசோகரின் சமையற்கட்டுக் கணக்கு

இரண்டு மயில்கள், ஒரு மான். மாமன்னர் அசோகரின் சமையற்கட்டில் கறிக்காக நாள்தோறும் கொல்லப்படும் உயிர்கள் இவ்வளவுதான் என்று அவருடைய முதலாம் பாறைக் கல்வெட்டு அறிவிக்கிறது. அதிலும் மான் எல்லா நாளும் இல்லையாம். முன்பு பல நூறாயிரம் உயிர்கள் மடிந்த இடம் அது என்றும் அதே கல்வெட்டு ஒப்புக்கொள்கிறது. எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். இந்த மூன்றும்கூட இனிக் கொல்லப்படமாட்டா என்ற உறுதியோடு செய்தி முடிகிறது.

அரசர்கள் வெற்றிகளைக் கல்லில் வெட்டுவது வழக்கம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆண்ட இந்த மன்னரோ, இன்னும் முழுதாக விட முடியாத ஒரு பழக்கத்தைக் கல்லில் வெட்டி ஊரறியச் செய்தார். கலிங்கப் போரில் 1 லட்சம் பேர் கொல்லப்பட்டனர், 1 லட்சத்து 50 ஆயிரம் பேர் நாடு கடத்தப்பட்டனர் என்று 13ஆம் பாறைக் கல்வெட்டில் வருந்தியவரும் அவரே.

அப்படியானால் மனித உயிரும் விலங்கின் உயிரும் பௌத்தத்தில் ஒரே மதிப்புடையவையா?

பஞ்சசீலத்தின் முதல் ஒழுக்கம் கொல்லாமை. அதில் மனிதன், விலங்கு என்ற பிரிவினை கிடையாது. ஆனால் பிக்குகளுக்கான விநய விதிகளைப் பார்த்தால் வேறுபாடு தெரியும். வேண்டுமென்றே மனிதனைக் கொன்ற பிக்குவுக்குச் சங்கத்தில் இடமே இல்லை. விலங்கைக் கொன்றவரோ, சக துறவியிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு தம் துறவைத் தொடரலாம். ஏன் இந்த ஏற்றத்தாழ்வு? மனிதப் பிறவி அவ்வளவு அரிது என்கின்றன பாலி நூல்கள். நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை கடலில் தலைதூக்கும் குருட்டு ஆமை, எங்கோ மிதக்கும் ஒற்றைத் துளை நுகத்தடிக்குள் கழுத்தை நுழைப்பதை அதற்கு உவமையாகக் காட்டுகின்றன. நல்லது கெட்டது அறிந்து விடுதலைக்கு முயலும் வாய்ப்பு அந்தப் பிறவிக்கு உண்டு. ஆனால் அதே நூல்கள், நெடிய பிறவிச் சுழலில் நமக்கு ஒருமுறையேனும் தாயாக இருந்திராத உயிரைக் காண்பது அரிது என்றும் சொல்கின்றன. இவ்விரண்டு எண்ணங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான், தம்மை உபாசகர் என்று சொல்லிக்கொண்ட அசோகரின் ஆணைகள் விளங்கும்.

இரண்டாம் பாறைக் கல்வெட்டில் மனிதர்களுக்கும் மருத்துவம், விலங்குகளுக்கும் மருத்துவம். மூலிகை இல்லாத இடங்களுக்கு அவை கொண்டுவரப்பட்டு நடப்பட்டன. சாலையோரம் கிணறுகளும் மரங்களும் இருசாராருக்கும் பொது. தம் ஆட்சிக்கு வெளியே சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும் இந்த ஏற்பாடு உண்டு என்கிறார் மன்னர். சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். 1981ஆம் ஆண்டு தமிழகத்தின் ஜம்பையில் கிடைத்த கல்வெட்டு, அவர்கள் அதியமான் மரபினர் என்று காட்டியது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவனின் குலம்தான்!

முடிசூடி 26 ஆண்டுகள் ஆனபின் வந்த ஐந்தாம் தூண் கல்வெட்டு இன்னும் நுணுக்கமானது. கிளி, மைனா, சக்கரவாகம், அன்னம், வௌவால், ஆமை, புறா என்று கொல்லக்கூடாதவற்றின் பட்டியல் நீள்கிறது. சினையாக உள்ள, பால் கொடுக்கும் ஆடுகளையும் பன்றிகளையும் தொடக்கூடாது. ஆறு மாதத்திற்கு உட்பட்ட குட்டிகளையும் அப்படியே. சேவலுக்குக் காயடிக்கக்கூடாது. உயிர்கள் குடியிருக்கும் உமியைக் கொளுத்தக்கூடாது. ஓர் உயிரை மற்றோர் உயிருக்குத் தீனியாக்கக்கூடாது. குறிப்பிட்ட நாள்களில் மீன் விற்கக்கூடாது. அதாவது மற்ற நாள்களில் விற்கலாம். மக்களின் பசியையும் பிழைப்பையும் மறந்து போட்ட சட்டமல்ல இது என்றே எண்ணத் தோன்றுகிறது. ஒரு வேடிக்கை: அந்த நீண்ட பட்டியலில் மயில் இல்லை.

அதே 26ஆம் ஆண்டைச் சேர்ந்த நான்காம் தூண் கல்வெட்டுதான் நம்மைத் திகைக்க வைக்கிறது. வௌவாலைக் காத்தவர் மனிதனுக்கு மரண தண்டனையை ஒழிக்கவில்லை. தீர்ப்பான கைதிகளுக்கு மூன்று நாள் அவகாசம் மட்டும் தந்தார். இதை இரட்டை வேடம் என்று சிலர் சொல்லக்கூடும். அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. சினை ஆட்டுக்கு அவர் தந்தது உயிர். கைதிக்குத் தந்தது காலம். காலத்தைக் கொண்டு எதையாவது செய்துகொள்ள மனிதனால் முடியும் என்ற அந்தப் பழைய பௌத்த எண்ணம் இங்கே வேலை செய்கிறது. ஆனாலும் மூன்று நாள் என்பது மிகச் சிறிய காலம். அதற்குள் உறவினர்கள் அதிகாரிகளிடம் சென்று உயிர்ப்பிச்சை கேட்கலாம். கேட்க ஆளில்லாதவர்கள் மறுமைக்காகத் தானம் கொடுப்பார்கள், அல்லது நோன்பிருப்பார்கள் என்று கல்வெட்டு சொல்கிறது.