280 கோடி எப்படி 1,460 கோடி ஆனது?

ரோடு போடும் செலவு எகிறிவிட்டது என்றால் "எவனோ அடிச்சிட்டான்" என்றுதான் நம் வாயில் முதலில் வரும். பாஸ்டன் நகரத்தின் 'பிக் டிக்' பற்றிப் படிக்க உட்கார்ந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன்.

1959-ல் முடிந்த ஒரு மேம்பாலச் சாலை ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு நின்றது. அதை இடித்துவிட்டு அடியில் சுரங்கச் சாலை போடுவதுதான் திட்டம். மதிப்பீடு 280 கோடி டாலர். 2007 கடைசியில் முடிந்தபோது செலவு சுமார் 1,460 கோடி.

அஞ்சு மடங்கு! ஆனால் அப்படியே ஒப்பிடக் கூடாது. மதிப்பீடு 1982 விலைவாசியில் போட்டது. வேலை தொடங்கியதே 1991-ல். செலவையும் 1982 விலைக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய 808 கோடிதான். நிஜமான ஏற்றம் கிட்டத்தட்ட மூணு மடங்கு. அதுவே பயங்கரம்தான், சரி.

மிச்சம் எங்கே போனது? ஒரு பகுதி மண்ணுக்குள். பாஸ்டனின் கரையோரப் பகுதி கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். தோண்டினால் பழைய படகுத்துறைகளின் மரக்கட்டைகள், மறந்துபோன அஸ்திவாரங்கள், பாறைகள். மேலே மேம்பாலத்தில் வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன. அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கீழே தோண்டினார்கள். ஓரிடத்தில் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் குழாய்களில் குளிர்ந்த உப்புநீரைச் செலுத்தி மண்ணையே உறையவைத்து, சுரங்கப் பெட்டிகளை ஜாக்கி வைத்துத் தள்ளினார்கள். ரயில் நிற்கவில்லை! ஓடுகிற சர்வரை நிறுத்தாமல் உள்ளே எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தவர்களுக்கு இந்த வலி புரியும்.

மறைப்பும் இருந்தது. 2000-ல் சுமார் 140 கோடி கூடுதல் செலவு திடீரென்று வெளியே வந்தது. அதை மறைத்ததாக மத்திய அரசின் அறிக்கை சொன்னது. திட்டத்தின் தலைவருக்குப் பதவி போனது.

ஆனால் என்னை உறுத்துவது 1987. இந்தத் திட்டத்துக்கான பணமும் அடங்கிய நெடுஞ்சாலை மசோதாவை ரீகன் வீட்டோ செய்தார். அதை முறியடிக்க செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். விழுந்தது 67-க்கு 33. ஒரு ஓட்டு குறைந்திருந்தால் வீட்டோ நின்றிருக்கும்.

ஆபீஸில் எஸ்டிமேட் கேட்டால் நானும் மேனேஜர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நாள் கணக்குச் சொல்வேன். அன்றைக்கு யாராவது எழுந்து "280 இல்லைங்க, 800 ஆகும்" என்று சொல்லியிருந்தால், அந்த 67 பேரில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?