மைனஸ் ஐந்தரை

பழவேற்காடு ஏரிக்கரையில், பசியாவரத்தில் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பாருங்கள். மணி பன்னிரண்டா? பொய். சூரியனின் சராசரிக் கணக்குப்படி அங்கே பன்னிரண்டு ஆக இன்னும் ஒன்பது நிமிஷம் பாக்கி.

1906 வரை இந்தப் பொய் கிடையாது. 1792ல் எழும்பிய மெட்ராஸ் வானாய்வுக் கூடத்தின் கணக்கில், கிரீன்விச்சைவிட நாம் 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால். பசியாவரமும் கிட்டத்தட்ட அதே தீர்க்கரேகைதான். ரயில்களே மெட்ராஸ் நேரத்தில் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் வெள்ளைக்கார அரசு, அலகாபாத் பக்கம் போகிற 82½ டிகிரி ரேகையைப் பிடித்து, ஐந்தரை மணி என்று ரவுண்டு பண்ணிவிட்டது.

அந்த ஐந்தரை, பிற்பாடு கம்ப்யூட்டர்காரர்களின் பிராணனை வாங்கியது.

அமெரிக்காவின் பெல் லேப்ஸில் பிறந்தது யூனிக்ஸ். அதற்கு 1979ல் ஸ்டீபன் பார்ன் எழுதிய ஷெல் வந்து சேர்ந்தது. நாம் டைப் செய்யும் கட்டளையை வாங்கி வேலை நடத்தும் மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டளைகளை வரிசையாக எழுதிக் கொடுத்தால் அது ஸ்கிரிப்ட். வேரியபிள் என்பது பெயர் ஒட்டிய டப்பா. உள்ளே இருப்பதை மாற்றினால் மெஷின் நடந்துகொள்ளும் விதமே மாறும். 1980களின் தொடக்கத்தில் வந்த ஒரு டப்பாவின் பெயர் டி.இசட். ஊர் நேரத்தைச் சொல்லும் டப்பா.

நியூயார்க்காரர் அதில் போடுவது 5. நாம் ப்ளஸ் ஐந்தரைதானே போட வேண்டும்? ம்ஹும். மைனஸ் 5:30! 'உன் மணியோடு எதைக் கூட்டினால் கிரீன்விச் மணி வரும்?' என்பதுதான் அதன் கேள்வி. பி.காம். படித்த எனக்கு இதில் ஆச்சரியமில்லை. என் நோட்டில் பற்று, பேங்க் ஸ்டேட்மென்ட்டில் வரவு.

குறி மாறினால் என்ன ஆகும்? நம் காலை எட்டரை மணி வானிலைப் பதிவு உலக நேரப்படி 3 மணி. மைனஸை மறந்தால் அது முந்தின ராத்திரி ஒன்பதரை என்று காட்டும். காற்று எப்போது எழும்பியது என்பதில் பதினோரு மணி நேரப் பிசகு. வலையோடு தண்ணீரில் இருப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை சார்.

சரி, ஸ்கிரிப்டிலேயே கணக்குப் போட்டுவிடலாமே? 1989ல் வந்த பாஷ் என்ற ஷெல்லுக்கு முழு எண் மட்டும்தான் தெரியும். ஐந்தரை புரியாது, 330 நிமிஷம் என்றால் புரியும். இன்னொரு கூத்து: முன்னால் பூஜ்யம் இருந்தால், எட்டை அடிமானமாகக் கொண்ட எண் என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் எட்டும் ஒன்பதும் கிடையாது. 07 வரை சமர்த்தாக ஓடிய ஸ்கிரிப்ட், 08க்கு முரண்டு பிடிக்கும். பத்து மணிக்குத் தானாகச் சமாதானமாகிவிடும்! காரணம் தெரியாதவர் மெஷினுக்குப் பேய் பிடித்துவிட்டது என்றுதான் நினைப்பார்.

இன்று இந்தக் குறித் தொல்லை குறைவு. 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிய நேரப் பட்டியலில் ஊர் பெயரைக் கொடுத்தால் போதும். இந்தியாவுக்கு ஒரே ஊர், கொல்கத்தா. மெட்ராஸ் இல்லை.

கோபப்படாதீர்கள். அதே கொல்கத்தாவை டப்பாவில் போட்டு, 1900ம் வருஷத்துத் தேதி ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். 5 மணி 21 நிமிடம் 10 விநாடி என்று வரும். நம் மெட்ராஸ் நேரம்தான். நாலு விநாடி குறைச்சல்.