ஆண்டுச் சக்கரத்தின் எட்டு ஆரக்கால்கள்

1769இல் ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் பகுதியில் பயணம் செய்த தாமஸ் பென்னன்ட், மே முதல் நாளில் மேய்ப்பர்கள் செய்துவந்த ஒரு சடங்கைப் பதிவு செய்திருக்கிறார். நடுவில் புல்தரையை அப்படியே விட்டுச் சுற்றிலும் சதுரமாகப் பள்ளம் வெட்டுவார்கள். அந்தத் திட்டில் விறகுத் தீ எரியும். முட்டை, வெண்ணெய், ஓட்ஸ் மாவு, பால் எல்லாம் சேர்த்துக் கூழ் காய்ச்சி, முதலில் கொஞ்சம் மண்ணுக்கு ஊற்றுவார்கள். ஆளுக்கொரு ஓட்ஸ் அடை, ஒவ்வொன்றிலும் ஒன்பது குமிழ்கள். தீயைப் பார்த்து நின்று, குமிழைப் பிய்த்துத் தோளுக்குப் பின்னால் எறிவார்கள். குதிரையைக் காக்கும் சக்திக்கு ஒன்று, ஆட்டைக் காக்கும் சக்திக்கு ஒன்று. அடுத்து நரிக்கும் காக்கைக்கும் கழுகுக்கும் ஆளுக்கொன்று, குட்டிகளை விட்டுவிடும்படி.

அந்த விழாவின் பெயர் பெல்டேன். கிறித்தவத்துக்கு முந்தைய வழிபாடுகளை இன்று மீட்டெடுக்க முனையும் பேகன் சமயத்தார் ஆண்டு முழுவதும் கொண்டாடும் எட்டுப் பருவ விழாக்களில் அது ஒன்று. சாவின், இம்போல்க், பெல்டேன், லூனசா ஆகிய நான்கும் முறையே நவம்பர், பிப்ரவரி, மே, ஆகஸ்ட் தொடக்கத்தை ஒட்டி வருபவை. யூல், ஒஸ்டாரா, லித்தா, மாபன் ஆகிய நான்கும் கதிரவன் திரும்பும் நாள்களிலும் இரவும் பகலும் சமமாகும் நாள்களிலும் வருபவை. இந்த எட்டையும் கிறித்தவத்துக்கு முந்தைய மக்கள் இதே வரிசையில் கொண்டாடினார்கள் என்று பலர் நம்புகிறார்கள். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. ஆரக்கால்களில் சில மிகப் பழையவை. அவற்றைக் கோத்த சக்கரம் இருபதாம் நூற்றாண்டில் உருவானது.

முதல் நான்கும் அயர்லாந்தின் கால்நடை வாழ்விலிருந்து வந்தவை. இடைக்கால ஐரியக் கதையொன்றில், தன்னை மணக்க வந்த கூ குலினிடம் எமர் நிபந்தனை விதிக்கும்போது, ஆண்டை இந்த நான்கு முனைகளால்தான் அளந்து சொல்கிறாள். கி.பி. 908இல் இறந்த கோர்மக் என்பவர் பெயரால் வழங்கும் சொல்லகராதி, நோய் அண்டாதிருக்க இரண்டு நெருப்புகளுக்கு நடுவே மாடுகளை ஓட்டிச் சென்றதைப் பெல்டேனோடு சேர்த்துக் குறிப்பிடுகிறது.

கதிரவனை ஒட்டிய விழாக்களின் வேர் வேறு மக்களிடம் இருக்கிறது. 725இல் பீடு என்னும் துறவி, காலக் கணக்கைப் பற்றிய தம் நூலில் பழைய ஆங்கிலேயரின் மாதப் பெயர்களை விளக்கினார். கோடையின் இரு மாதங்களுக்கு லித்தா என்று பெயர். வசந்த மாதம் ஒன்றுக்கு எயோஸ்ட்ரே என்னும் தெய்வத்தின் பெயர். அந்தத் தெய்வத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழஞ்சான்று இந்தச் சில வரிகள் மட்டுமே. அவற்றை அடிப்படையாக வைத்து 1835இல் யாக்கோப் கிரிம் ஊகித்து அமைத்த ஜெர்மானியப் பெயர்தான் ஒஸ்டாரா. எட்டு விழாக்களையும் ஒருசேரக் கொண்டாடிய பழங்குடி எதற்கும் சான்று இல்லை. இதை விரிவாக நிறுவியவர் வரலாற்றாசிரியர் ரொனால்டு ஹட்டன். 1996இல் வந்த அவருடைய நூல் பிரிட்டனின் சடங்கு ஆண்டை நாள்வாரியாக ஆராய்கிறது.

அப்படியானால் இணைத்தது யார்? 1921இல் மார்கரெட் மர்ரே, சூனியக்காரிகள் எனத் தண்டிக்கப்பட்டவர்கள் பழைய சமயமொன்றைப் பின்பற்றியவர்கள் என்று வாதிட்டார். அந்த வாதம் இன்று நிற்கவில்லை. ஆனால் அவர் விசாரணை ஏடுகளிலிருந்து எடுத்துக்காட்டிய நான்கு பருவக் கூட்டங்கள் ஜெரால்டு கார்ட்னர் பரப்பிய விக்கா என்னும் நவீன சூனியச் சமயத்துக்குள் வந்து சேர்ந்தன. 1951இல் பிரிட்டனின் சூனியச் சட்டம் நீக்கப்பட்ட பிறகு, 1954இல் கார்ட்னர் வெளியிட்ட நூலிலும் அந்த நான்கே முதன்மை பெறுகின்றன. லண்டனுக்கு வடக்கே பிரிக்கெட் வுட்டில் கூடிய அவருடைய குழு, கதிரவனின் நான்கு நாள்களுக்கும் அதே தகுதி தர வேண்டும் என்று 1958இல் கேட்டது, கார்ட்னர் இசைந்தார். விருந்தும் ஆட்டமும் ஆண்டில் இன்னும் நான்கு முறை வேண்டும் என்ற ஆசை அந்தக் கோரிக்கைக்குள் இருந்தது. விழாக்கள் பெருகுவதற்கு இதைவிட இயல்பான காரணம் எனக்குத் தெரியவில்லை. கார்ட்னரின் நண்பர் ராஸ் நிக்கோல்ஸ் 1964இல் பழங்காலக் கெல்டியப் பூசாரிகளின் பெயரில் தொடங்கிய ட்ரூயிட் அமைப்பும் எட்டையும் ஏற்றது.

பெயர்கள் இன்னும் பிந்தியவை. 1970களில் கலிபோர்னியாவில் நாள்காட்டி தயாரித்த ஏய்டன் கெல்லி, கோடைக்கு லித்தா, வசந்தத்துக்கு ஒஸ்டாரா என்று பெயர் வைத்தார். இலையுதிர் காலத்துக்குப் பழம்பெயர் எதுவும் கிடைக்காததால், பிறந்த மூன்றாம் இரவில் தாயிடமிருந்து பறிக்கப்பட்டுப் பின்னர் மீட்கப்பட்ட வெல்ஷ் கதைமாந்தர் மாபனின் பெயரை எடுத்துக்கொண்டார். மூலக்கதைக்கும் அந்தப் பருவத்துக்கும் தொடர்பு கிடையாது.

வயது குறைவு என்பதற்காக இந்த விழாக்களைப் பொய் என்று தள்ளுவது வரலாற்றுக்கே நியாயமில்லை. மேய்ப்பர் மண்ணில் ஊற்றிய கூழும் ஒரு காலத்தில் யாரோ முதல்முறை ஊற்றியதுதான். எடின்பரோவின் கால்டன் குன்றில் 1988 முதல் ஏப்ரல் கடைசி இரவில் பெல்டேன் தீ எரிகிறது. ஆஸ்திரேலியாவின் பேகன்கள் பலர், தங்கள் வசந்தம் முற்றும் அக்டோபர் இறுதியில் அதே தீயை மூட்டுகிறார்கள். வடக்கே உள்ளவர்களுக்கு அன்று சாவின்.