சமம் என்று யார் சொல்வது? நெடுந்தீவு ஆசிரியரின் பட்டமும் இராமேசுவரம் ஆசிரியரின் பட்டமும்

நெடுந்தீவில் ஓர் ஆசிரியர் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கிறார். பாக்கு நீரிணைக்கு அக்கரையில், இராமேசுவரத்தில், இன்னொருவரும் விண்ணப்பிக்கிறார். இருவருடைய கோப்புகளும் ஒரே கேள்வியில் தடக்கி நிற்கலாம்: கையில் உள்ள பட்டம் விதியில் எழுதியுள்ள பட்டத்துக்குச் சமமா? கேள்வி ஒன்றுதான். ஆனால் அதைக் கேட்கும் முறையில் இலங்கையும் தமிழ்நாடும் வெகுவாக வேறுபடுகின்றன.

தமிழ்நாட்டு வழக்குகளைத் தொடர்ந்து வாசித்தால், அங்கே பெரிதும் கேட்கப்படுவது பட்டம் எந்த வழியால் வந்தது என்பதே. பத்தாம் வகுப்பு, பின் பன்னிரண்டாம் வகுப்பு, பின் மூன்றாண்டு முதற்பட்டம், அதன்மேல் முதுகலை என்ற படிக்கட்டில் ஒரு படி குறைந்தாலும் மேலே உள்ளது ஆடிவிடும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் திறந்தநிலை முறையில், முதற்பட்டம் இல்லாதவர்களுக்கும் முதுகலைப் பட்டம் வழங்கிவந்தது. சென்னையில் எம்.ஜி.ஆர். பெயரிலுள்ள திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் முதல்வர் பதவியை ஒட்டி எழுந்த வழக்கில், 1985ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகளை மீறிய அத்தகைய பட்டம் செல்லாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2009 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. தொலைநிலைக் கல்விக் குழு பின்னர் கொடுத்த ஒப்புதலும் அந்தப் பட்டத்தைக் காப்பாற்றவில்லை. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் வெளிவந்த 107ஆம் எண் அரசாணை, படி தாண்டிப் பெற்ற பட்டங்களை அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்பதில்லை என்றது. ஏற்கெனவே இருக்கும் மூன்றாண்டுப் பட்டத்தின்மேல் ஓராண்டில் வேறொரு பாடத்தில் பெற்ற ‘இரட்டைப் பட்டம்’ பட்டதாரி ஆசிரியர் பதவி உயர்வுக்குப் போதுமா என்ற வழக்கும் இந்த வகையானதே. அது பதவி உயர்வுப் பட்டியல்களை நெடுநாள் நிறுத்திவைத்தது.

இலங்கையில் முதலில் கேட்கப்படுவது, பட்டத்தை யார் தந்தார்கள் என்பது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்கீழ் அமைந்த பல்கலைக்கழகமா? அச்சட்டத்தின் 25அ பிரிவின்கீழ் பட்டம் வழங்க அங்கீகாரம் பெற்ற நிறுவனமா? வெளிநாடானால், பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டேட்டிலோ சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலிலோ அதன் பெயர் உண்டா? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்ப்பது முதன்மையாக இந்த நிரலைத்தான். ஆகவே இராமேசுவரத்துக்காரரைத் தடுப்பது அவர் ஏறிவந்த படிக்கட்டு. நெடுந்தீவுக்காரரைத் தடுப்பது பட்டச் சான்றிதழின் தலைப்பிலுள்ள நிறுவனப் பெயர்.

இதற்கு மேலே போனால் கோடு மங்குகிறது. தமிழ்நாட்டு உயர்கல்வித் துறை வெளியிடும் இணைத்தன்மை அரசாணை ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஓர் அட்டவணை இருக்கும். ஒரு நிரலில் பட்டத்தின் பெயர், அடுத்ததில் வழங்கிய பல்கலைக்கழகம், அதற்கடுத்ததில் எந்தப் பட்டத்துக்கு இணை அல்லது இணையல்ல என்ற முடிவு, எல்லாம் அரசுப் பணி நியமனத்தின் பொருட்டு. தாவர உயிரியலும் தாவர உயிர்த்தொழில்நுட்பமும் சேர்ந்த பட்டம் தாவரவியல் பட்டத்துக்கு இணையா என்ற அளவுக்கு அது நுணுகிப் போகும். ஒரு துறை காலத்துக்கேற்பப் பெயரை மாற்றிக்கொண்டதற்காக, அதில் படித்த பிள்ளை ஆசிரியராகிப் பல ஆண்டு கழித்து விளக்கம் சொல்ல நேர்கிறது. இலங்கையில் இதற்கு நேரான காட்சி கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா. அதனை வணிகவியல் பட்டத்துக்குச் சமமாக ஏற்கும் பொது நிர்வாகச் சுற்றறிக்கை 1990இல் வந்தது. அந்த ஏற்பு நிலைக்கவில்லை. அதை மீட்டுத் தரக் கோரிய மாணவர் ஊர்வலத்தைக் கொழும்பு வோட் பிளேஸில் 2015 ஒக்ரோபர் 29 அன்று பொலிஸார் தாக்கிக் கலைத்தார்கள். அக்கரையில் அரசாணையாக வருவது இக்கரையில் சுற்றறிக்கையாக வருகிறது. இரண்டையும் பிறப்பித்த கையே திருப்பியும் எடுக்கலாம்.

இவ்விடத்தில் ஒரு பழைய உறவை நினைக்காமல் கடக்க முடியவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியபோது, அதன் முதற் பட்டதாரிகளாக வந்த இருவரும் யாழ்ப்பாணத்தவர்: சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும். இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர்கள். இன்று அதே பல்கலைக்கழகத்துப் பட்டத்துடன் நெடுந்தீவு உள்ளிட்ட தீவகத்துக்கு வரும் ஆசிரியர், அது ஏற்புடையது என்று கொழும்பிலிருந்து உறுதிப்படுத்தல் பெறவேண்டும். அந்த உறுதிப்படுத்தலும் நிறுவனத்தைப் பற்றியதே. பாடமும் பட்டமும் பதவிக்குப் பொருந்துமா என்பதைச் சேவைப் பிரமாணக் குறிப்பைப் பார்த்து இன்னோர் அலுவலகம் தீர்மானிக்கும்.

நீதிமன்ற வாசலில் இரு நாடுகளும் மறுபடி நெருங்குகின்றன. இணைத்தன்மை நிபுணர்களின் பொருள், அதில் நீதிமன்றம் எளிதில் கைவைக்கக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் முகமது சுஜாத் அலி வழக்கில் 1974இலேயே சொல்லிவிட்டது. 2018 டிசம்பரில் சாகூர் அகமது ராதர் வழக்கில், எது இணை என்பதை ஆட்சேர்க்கும் அரசே தீர்மானிக்கும், விதியில் இல்லாத இணைத்தன்மையை நீதிபதி சேர்த்து வாசிக்க முடியாது என்று அதை இன்னும் இறுக்கியது. இலங்கை நீதிமன்றங்களும் நிபுணர் முடிவுக்கு மேல் அப்பீல் கேட்கும் இடமாகத் தம்மைக் கருதுவதில்லை. சமத்துவம் மீறப்பட்டதா, நடைமுறை நியாயமா என்பதையே பார்க்கின்றன. ஆக, இரு கரையிலும் ஆசிரியர் ‘என் பட்டம் சமம்’ என்று வாதாடி வெல்வது அரிது. ‘என்னைப் போன்ற மற்றவருக்குக் கொடுத்தீர்கள், எனக்கு மறுத்தீர்கள்’ என்று காட்டினால் செவிசாய்ப்பு கிடைக்கலாம்.

ஆனால் கால எல்லை இருவரையும் பிரிக்கிறது. என் பார்வையில் இதுவே மிகக் கனமான வேறுபாடு. இராமேசுவரத்துக்காரர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ரிட் மனுவுடன் போகலாம். அதற்கு இத்தனை நாளுக்குள் என்ற சட்ட வரம்பு கிடையாது. மட்டுமீறிய தாமதம் மட்டுமே குறையாகும். அதனால்தான் அங்கே ஒரே கேள்வியில் நூற்றுக்கணக்கான மனுக்கள் திரண்டு ஒன்றாக விசாரணைக்கு வருகின்றன. நெடுந்தீவுக்காரர் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்கீழ் அடிப்படை உரிமை மனு போடுவதென்றால், ஒரு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தில் (அக்கரை வழக்கில் உச்ச நீதிமன்றம்) போடவேண்டும். குமுதினிப் படகில் குறிகாட்டுவானுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல், அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம், பிறகு இரவுப் பயணம். கடல் குழம்பினால் முதற் கட்டமே இல்லை. இந்த ஒரு மாதத்துக்குள் வழக்கறிஞரைப் பிடித்து, பிரமாணக் குறிப்பையும் நிராகரிப்புக் கடிதத்தையும் சத்தியக் கூற்றையும் சேர்க்கவேண்டும்.

மாகாணப் பாடசாலை ஆசிரியருக்கு யாழ்ப்பாணத்திலேயே மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்கும் வழி உண்டு. ஆனால் விடயம் மாகாணப் பட்டியலுக்குள் அடங்கவேண்டும். தீவகத்தில் அதிகம் பேசப்படாத இன்னொரு கதவும் உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது என்கிறது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. ஆணைக்குழுவின் அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது.

பின்னோக்கிப் பாயும் விதியிலும் இருவரும் உறவினர். இலங்கை ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பு 2014 ஒக்ரோபரில் 1885/38ஆம் இலக்க வர்த்தமானியில் வெளிவந்தது. நடைமுறைக்கு வந்த நாளாக அது குறித்தது 2008 ஜூலை 1. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் படித்தவர்கள், அப்போது இல்லாத ஒரு விதிக்குத் தம் தகைமையைப் பொருத்திக் காட்டவேண்டியதாயிற்று. இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டெம்பர் 1 தீர்ப்பு ஆசிரியர் தகுதித் தேர்வைப் பணியில் உள்ளவர்களுக்கும் கட்டாயமாக்கியது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர் இரண்டாண்டுக்குள் தேறவேண்டும். அதற்குக் குறைவாக இருப்பவர் பணியில் தொடரலாம், தேறாமல் பதவி உயர்வு கேட்க முடியாது. தரம் வேண்டும் என்பதை நான் முழுமனதாக ஏற்கிறேன். கரும்பலகைக்கு முன் இருபது வருடம் நின்றவரிடம் அதைக் கேட்கும்போது, அவர் படிக்கத் தொடங்கிய நாளில் விதி என்ன சொன்னது என்பதும் கோப்பில் இருக்கவேண்டும்.

எனக்கு மிக வியப்பூட்டிய ஒற்றுமை விண்ணப்பத்துக்கு வெகு முன்னே நடப்பது. கஷ்டப் பிரதேசத்தில் பணிபுரிபவர் வளாகத்துக்குப் போய்ப் படிக்க முடியாது. தொலைக்கல்வியும் வெளிவாரிப் பட்டமுமே அவருக்குக் கிட்டும் வழிகள். அதற்காக அவர் திணைக்களத்திடம் முன்னனுமதி பெறுகிறார். அக்கரையிலும் இதே ஒழுங்கு. அனுமதிக் கடிதம் ‘கற்பித்தலுக்கு இடையூறின்றிப் படிக்கலாம்’ என்கிறது. படித்து முடித்தால் அது எந்தப் பதவிக்குச் செல்லுபடியாகும் என்று ஒரு சொல்லும் இல்லை. பிறகு வழக்கில் ‘நீங்கள்தானே அனுமதித்தீர்கள்’ என்று ஆசிரியர் கேட்டால், படிக்க அனுமதித்தது பட்டத்தை ஏற்றதாகாது என்ற பதில் வருகிறது. சட்டப்படி அந்தப் பதில் சரியாகவே இருக்கலாம். ஆனால் கேள்வியை முதல் நாளிலேயே கேட்டு, முதல் நாளிலேயே பதில் சொல்லியிருக்கலாம். அனுமதி விண்ணப்பத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரும் பாடநெறியின் பெயரும் ஏற்கெனவே எழுதப்படுகின்றன. அவற்றுக்குக் கீழே ‘பிரமாணக் குறிப்பின் எந்தத் தேவையை இது நிறைவுசெய்யும்’ என்று ஒரு வரி சேர்த்து, தீவக வலயக் கல்வி அலுவலகம் அதை நிரப்பி ஒப்பமிட்டுத் தந்தால் போதும். அதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை.