எண்ணிக்கையில் வராதவர்கள்

என் அப்பாவும் பெரியப்பாவும் பல வருடங்களாகக் கதைக்கவில்லை. காணிச் சண்டையில்லை; வேலிச் சண்டையுமில்லை. அறுபதுகளின் முற்பகுதியில் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தபோது அப்பா மொஸ்கோப் பக்கம் நின்றார். பெரியப்பா சண்முகதாசனோடு பீக்கிங் பக்கம் போனார். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டை இரண்டாக்கிய அந்தப் பிளவின் வேரொன்று, 1956 பெப்ரவரி 25இல் குருஷ்சேவ் ஆற்றிய உரையில் இருந்தது. ரொறன்ரோவுக்கு வந்து வாசித்த பிறகுதான் இது எனக்கு விளங்கியது.

ஸ்டாலின் 1953 மார்ச் 5இல் இறந்தார். ஜூனில் இரகசியப் பொலிஸை ஆட்டிவைத்த பேரியா கைதாகி, டிசம்பரில் சுடப்பட்டார். சிறைமுகாம்களின் கதவுகள் மெல்லத் திறந்தன. வெளியுறவிலும் காற்று மாறியது. 1955 மே மாதம் ஒஸ்திரியாவிலிருந்து படைகளை விலக்கும் உடன்படிக்கையில் மொஸ்கோ ஒப்பமிட்டது. அதே மாதம் குருஷ்சேவ் பெல்கிரேடுக்குப் போய், ஸ்டாலின் விலக்கிவைத்த டிட்டோவோடு சமாதானம் பேசினார். வருட முடிவில் இந்தியாவுக்கும் வந்தார்.

பிறகு கட்சியின் 20ஆவது மாநாடு. பூட்டிய மண்டபத்தில் ஏறத்தாழ நான்கு மணிநேரப் பேச்சு. 1934 மாநாடு தெரிவுசெய்த மத்திய குழுவினர், மாற்று உறுப்பினரையும் சேர்த்து 139 பேர். அவர்களில் 98 பேர் கைதாகிச் சுடப்பட்டார்கள் என்று குருஷ்சேவ் கணக்குச் சொன்னார். துணிச்சலான கணக்குத்தான். ஆனால் அது பெரும்பாலும் கட்சிக்காரரின் சாவுக் கணக்கு. 1932–33 பஞ்சத்தில் உக்ரைனில் பட்டினியால் மாண்ட லட்சக்கணக்கான கமக்காரர் அதில் வரவில்லை. 1938 முதல் உக்ரைனின் கட்சித் தலைவராயிருந்து, களையெடுப்பில் பங்குகொண்ட அவரது சொந்தக் கையும் வரவில்லை.

பாதி உண்மைக்கும் கால் முளைக்கும். ஒக்டோபர் 23இல் புடாபெஸ்ட் மக்கள் ஸ்டாலின் சிலையை வீழ்த்தினார்கள். பீடத்தில் சப்பாத்துகள் மட்டும் மிஞ்சின. 30ஆம் திகதி, சோசலிச நாடுகளின் சமத்துவத்தை மதிப்பதாக மொஸ்கோ அறிக்கை விட்டது. மறுநாளே முடிவு மாறியது. நவம்பர் 4இல் தாங்கிகள் நகருக்குள் புகுந்தன. ஏறத்தாழ 2,500 ஹங்கேரியர் இறந்தார்கள். இரண்டு லட்சம் பேர் எல்லை தாண்டினார்கள். கனடா மட்டும் ஏறத்தாழ 37,000 பேரை ஏற்றுக்கொண்டது. எங்களுக்கு முப்பது வருடம் முந்திய அகதிகள் அவர்கள்.

குருஷ்சேவுக்கு இரண்டு முகம் என்று சொல்லிவிடலாம். எனக்கு ஒரே முகந்தான் தெரிகிறது. உள்நாட்டில் எவ்வளவு உண்மை சொன்னால் நாற்காலி ஆடாதோ அவ்வளவு சொன்னார். வெளியே எவ்வளவு சுதந்திரம் விட்டால் நாற்காலி ஆடாதோ அவ்வளவு விட்டார். 1964 ஒக்டோபரில் தோழர்களே அவரை இறக்கினார்கள். ஆனால் சுடவில்லை, ஓய்வூதியம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பேச்சின் பலனை அவரே அனுபவித்தார். பேச்சு அவருடைய நாட்டில் பகிரங்கமாக அச்சேற 1989 ஆனது.

அப்பாவுக்கு அந்தப் பேச்சு துணிவு. பெரியப்பாவுக்கு அது துரோகம். இருவரும் புகையிலைத் தோட்டக்காரரின் பிள்ளைகள். ஆனாலும் செத்துப்போன அந்தக் கமக்காரரைப் பற்றி இருவரில் ஒருவரும் கேட்டதை நான் அறியேன்.

இங்கே எங்கள் மண்டபங்களிலும் ஆண்டுதோறும் விளக்கேற்றி இறந்தவர்களை எண்ணுகிறோம். எங்கள் ஆட்களின் கைகளால் இறந்தவர்களை அந்த வரிசையில் நான் இன்னும் காணவில்லை.